இரண்டு மணிப் பாடம்

எட்டு எண்ணி முடித்த பிறகும் ரேடியோ பேசவில்லை.

அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வருஷம் கல் உடைத்த உடம்பு. எதை எண்ணினாலும் சுத்தியல் அடியாகத்தான் எண்ணும். டீச்சர் ஒரு கேள்வி கேட்டதும் ரேடியோவுக்குள் ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். அதற்குப் பிறகு எட்டு அடி நேரம் வெறும் அமைதி. பிள்ளைகள் பதில் சொல்வதற்காக விட்ட இடைவெளி அது. ஒன்பதாவது அடி விழுவதற்குள் டீச்சர் வந்து ‘மிகச் சரி’ என்று சொல்லிவிடுவாள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. எங்கேயோ ஒரு ஊரில் எப்போதோ பதிவு செய்து வைத்த குரல். இங்கே யார் என்ன சொன்னார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? சரியாகச் சொன்னாலும் மிகச் சரிதான், தப்பாகச் சொன்னாலும் மிகச் சரிதான், யாரும் வாயே திறக்காவிட்டாலும் மிகச் சரிதான்.

ஒன்பது விழுந்தது. பத்து விழுந்தது.

பதினோரு பிள்ளைகள் ‘ஐம்பத்தாறு’ என்று கத்தி முடித்துவிட்டுப் பாராட்டு வரட்டும் என்று ரேடியோவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கிரஷர் நின்றிருந்தது. தினமும் இரண்டு மணிக்கு அதற்குக் கிரீஸ் வைப்பதற்காக அரைமணி நேரம் நிறுத்துவார்கள்; பாடத்துக்கு அந்த அரைமணிதான். நாள் முழுக்கக் கல்லை மென்று ஜல்லியாகத் துப்பிக்கொண்டிருக்கும் அந்தச் சத்தம் நின்றதும் காதுக்குள் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் சின்னச் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்கும். தகரக் கதவு வெயிலில் விரிந்து டொக்கென்பதும், ஏதோ ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சுவதும், ரேடியோவின் வலைக்குப் பின்னால் எறும்பு ஊர்வது போன்ற இரைச்சலும் தனித்தனியாகக் கேட்கும். இன்று அந்த இரைச்சலும் இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

பதினொன்று. பன்னிரண்டு.

பன்னிரண்டாவது பிள்ளை அவனுடைய மகள். ஒன்பது வயது. கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவாள். அவளுக்குச் சொல் தொண்டையில் சிக்கும். பதில் தெரியும், ஆனால் முதல் எழுத்திலேயே உதடு மாட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் நிறையும். சேற்றில் இறங்கிய லாரியைத் தள்ளுவது போல அந்தச் சொல்லை அவள் தள்ளி வெளியே கொண்டுவருவதற்குள் டீச்சர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். இரண்டு வருஷமாக ஒரு பதிலையும் அவள் நேரத்துக்குச் சொன்னதில்லை.

“ஐ... ஐ... ஐம்ப... ஐம்பத்தாறு.”

“மிகச் சரி,” என்றாள் டீச்சர்.

மகள் தலை நிமிர்ந்து அப்பனைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, ரேடியோ ஏன் காத்திருந்தது என்று கேட்கவே அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த அறை ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த கிடங்கு. ஒன்றரை முழக் கனத்தில் கருங்கல் சுவர், மேலே கைக்குட்டை அளவுக்கு ஒரு துவாரம், கனமான தகரக் கதவு. மருந்தை எடுத்துப் பல வருஷம் ஆகியும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து அந்தப் புளித்த வாடை வரும். பள்ளிக்கூடம் இருப்பது பதினோரு மைலுக்கு அப்பால், வழி முழுக்கக் கல் லாரி. அங்கே நடந்துபோன இரண்டு பிள்ளைகள் லாரிச் சக்கரத்தில் சிக்கிச் செத்த பிறகுதான் கல்வி அலுவலகத்துக்காரர்கள் இந்த ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றபோது, காலில் பாறை விழுந்து நொண்டியாகியிருந்த இவனை மேஸ்திரி கைகாட்டிவிட்டார். திறப்பது, பெருக்குவது, பாட்டரி போடுவது, யார் வந்தார்கள் என்று குறிப்பது. பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, நாற்பது வயதுக்கு மேல், அவனும் எழுத்து படித்துக்கொண்டான். அதிலிருந்து, கல் உடைக்கிறவர்கள் குடியிருக்கும் அந்த லயன் வீடுகள் முழுக்க அவனுக்கு ‘ரேடியோ வாத்தியார்’ என்று பேர். எதிரே வருகிறவர்கள் வேண்டுமென்றே கும்பிடு போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவைப்பான்.

மகளுக்காக ரேடியோ காத்திருந்ததைச் சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். அவள் கிரஷர் பெல்டில் கல் தள்ளிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இமை மயிர்வரை வெள்ளைப் பொடி. டேப்பு எங்கேயாவது சிக்கியிருக்கும், ரேடியோவுக்குக் காதா இருக்கிறது, போய்த் தண்ணீர் எடுத்துவாருங்கள் என்றாள். ஆனால் மகள் அன்று சாயங்காலம் திக்கித் திக்கியேனும் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்ததை அவளும் பார்த்தாள். முகம் கழுவும்போது முந்தானையைக் கண்ணில் அதிக நேரம் வைத்திருந்தாள்.

மறுநாளும் ரேடியோ காத்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும். பதினான்கு அடி, பதினாறு அடி, ஒருமுறை இருபத்தொன்று. மகளின் வாயிலிருந்து கடைசி எழுத்து விழுந்த பிறகுதான் ‘மிகச் சரி’ வந்தது. டேப்பு சிக்கினால் இவ்வளவு பார்த்துச் சிக்குமா?

பாடம் முடிந்து பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். முடிவு இசையும் முடிந்துவிட்டது. அணைக்கப் போன கையை அவன் அப்படியே நிறுத்தினான். யாரும் இல்லை. கதவுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது தகப்பன் சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் ஒப்படைத்ததாகவே ஆகாது. அவனுடைய அப்பா அவனை எந்த வாத்தியாரிடமும் கொண்டுபோய் விடவில்லை; ஒன்பது வயதில் சின்னச் சுத்தியல் ஒன்றைக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வார்த்தையை ஒரு தடவையாவது ஒரு வாத்தியார் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசை கிடந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னான்.

“டீச்சர், எம்பொண்ண உங்கள நம்பி விடுறேன். கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன். இங்க இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். எம்பொண்ணுக்கு வாய் திறந்துட்டாப் போதும்.”

டிங்.

அவனை அறியாமல் எண்ணத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே கிரஷர் இன்னும் கிளம்பவில்லை. ஆறு. ஏழு. எட்டு.

“மிகச் சரி,” என்றாள் டீச்சர்.

அடுத்த பாடத்தின் துண்டு ஏதாவது வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே பூட்டினான். பூட்டுக்குள் சாவி போக நாலு தடவை பிடித்தது.

மூன்றாம் நாள்.

பிள்ளைகளில் ஒருத்திக்கு வாயாடி என்று பேர். லாரியில் லோடு ஏற்றுகிறவருடைய மகள், பத்து வயது. ரேடியோவுக்குக் காது இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். டீச்சர் என்ன கேட்டாலும் ‘எருமை’ என்பாள். உலகத்திலேயே உயரமான மலை எது? எருமை. மிகச் சரி. தண்ணீர் கொதித்தால் என்ன ஆகும்? எருமை. மிகச் சரி. மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவனே பல நாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறான்.

அன்று டீச்சர் கேட்டது, சூரியன் எந்தத் திசையில் உதிக்கும் என்று.

“எருமை.”

சிரிப்பு அடங்கியது. இடைவெளி முடிந்தது.

“தவறு,” என்றாள் டீச்சர்.

அந்தச் சொல்லை அவர்கள் யாரும் அந்தக் குரலில் கேட்டதில்லை. அதே குரல்தான். அதே இனிப்பு. ஆனால் தேன் பாட்டிலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடித் துண்டைப் போல ஏதோ ஒன்று அதற்குள் கிடந்தது.

“மறுபடி கேட்கிறேன். சூரியன் எந்தத் திசையில் உதிக்கும்?”

வாயாடி சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் பின்வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் மெதுவாக, ஆனாலும் எருமை என்றுதான் சொன்னாள்.

“தவறு. கையை நீட்டு.”

டீச்சர் எப்போதும் ‘குழந்தைகளே, கவனியுங்கள், சொல்லுங்கள்’ என்றுதான் பேசுவாள். யாரோ ஒருத்தியை மட்டும் பார்த்து ‘நீட்டு’ என்று சொன்னதேயில்லை. வாயாடி இளித்துக்கொண்டே கையை நீட்டினாள். விளையாட்டுக்கு நீட்டுவது போல நீட்டினாள்.

சட்.

சத்தம் ரேடியோவுக்குள்தான் கேட்டது. பிரம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து சதையில் இறங்கும் சத்தம். ஆனால் பிளந்தது வாயாடியின் உள்ளங்கை. சுண்டுவிரல் அடியிலிருந்து கட்டைவிரல் மேடுவரை, ஒரு கோடு போட்டது போல, அவன் கண்முன்னால் பிளந்தது. முதலில் வெள்ளையாக இருந்தது. பிறகு நிறைந்தது. பிறகு வழிந்து பாய்மேல் சொட்டியது. பிள்ளைக்கு அழுகை வரவே ரொம்ப நேரம் ஆயிற்று. இளித்த வாய் இளித்தபடியே இருக்க, தன் கையைத்தானா பார்க்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பாய்ந்து போய் ரேடியோவை அணைத்தான். பொத்தான் வெதுவெதுவென்று, தூங்கி எழுந்தவனின் உடம்பு போலச் சூடாக இருந்தது.

அன்று சாயங்காலம் லோடு ஏற்றுகிறவர் வந்தார். கையைக் கட்டிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் அடித்ததாகப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் ரேடியோ அடிக்குமா? அறையில் இருந்த பெரிய ஆள் இவன் ஒருவன்தானே. நாலெழுத்து தெரிந்ததும் நிஜ வாத்தியார் என்ற நினைப்பு வந்துவிட்டதா என்று கேட்டு, லயனே வாசலில் நின்று பார்க்க, இவன் கன்னத்தில் அறைந்தார். அடுத்த அறையும் அதே கன்னத்தில் விழுந்தது. கல் தூக்கும் கை. பல் ஒன்று ஆடிப்போனது. ‘எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான்’ என்று இவரைக் கேட்காமல் இவருடைய பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தவன் எந்த வாயால் பேசுவான்? ரத்தத்தை விழுங்கிக்கொண்டு நின்றான்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். தான் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவள் அவனுடைய வீங்கிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நாளைக்கு அந்த அறையைத் திறக்கவே வேண்டாம், பாப்பா வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள்.

“டீ... டீச்சர் என்னைய அடிக்க மாட்டாங்கப்பா. எ... எனக்காகக் காத்திருப்பாங்க.”

நாலாம் நாள் காலையிலேயே அவன் போய் ரேடியோவின் முதுகைத் திறந்து பாட்டரி நாலையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அறையைப் பூட்டினான். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான். இன்று பாடம் இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, மகளை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து அவனும் உட்கார்ந்தான். மகள் சிலேட்டில் மலை வரைந்தாள், அழித்தாள், திரும்ப வரைந்தாள். தகரக் கூரை சுட்டது. கிரஷர் மென்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு துணையாக இருக்கும் என்று அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அது நிற்காமல் இருந்தால் போதும், இன்று ஒரு நாள் மட்டும் யாராவது கிரீஸ் வைக்க மறந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்கு நின்றது.

காதுக்குள் பள்ளம் விழுந்தது. மகளின் சிலேட்டுக் குச்சி நின்றது. தூரத்தில் எங்கேயோ ஒரு காக்கை கத்தி, அதுவும் நின்றது.

டிங்.

லயனுக்கு முன்னால் கிடந்த மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து. ஒன்றரை முழச் சுவருக்கு உள்ளேயிருந்து. அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். நாலு பாட்டரியும் இருந்தன.

“குழந்தைகளே, எல்லோரும் வந்தாயிற்றா?”

லயனில் ஒரு தாழ்ப்பாள் விலகியது. இன்னொன்று. இன்னொன்று. வெறுங்கால்கள் புழுதியில் நடந்துபோகும் சத்தம். ஓடவில்லை. பேசவில்லை. ஒரே தாளத்தில் நடந்தன. அவன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். வாயாடி கட்டுப்போட்ட கையோடு கடைசியாகப் போய்க்கொண்டிருந்தாள். தன் அரைஞாணில் சாவியைத் தொட்டான். அதுவும் இருந்தது. எழுந்து வெளியே ஓட வேண்டும். ஓடினால் மகளைப் பிடித்துக்கொள்ள யார்? அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். அவளை இடுப்போடு இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டான்.

“ஆறையும் ஏழையும் பெருக்கினால் எவ்வளவு?”

டிங்.

‘நாற்பத்திரண்டு’ என்று பிள்ளைகள் சொன்னது கேட்டது. பூட்டிய அறைக்குள்ளிருந்து கேட்டது.

எட்டு அடி. அதற்கு மேல் அரை அடிகூட இல்லை.

“ஒரு குரல் குறைகிறது. கையை நீட்டுங்கள்.”

சட். சட். சட். அவன் எண்ணினான். எண்ணாமல் இருக்க அவனால் முடியவில்லை. பதினொன்று. பதினோரு விதமான அலறல். அவனுக்கு எல்லாக் குரலும் தெரியும். இரண்டு வருஷமாகத் தினமும் கேட்ட குரல்கள்.

“மறுபடி கேட்கிறேன். ஆறையும் ஏழையும் பெருக்கினால் எவ்வளவு?”

டிங்.

மகள் அவன் மார்பில் முட்டினாள். கையைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, “நா... நா... நா...” என்று தள்ளினாள். அவன் அவளோடு சேர்ந்து தள்ளினான். சொல்லு கண்ணு. சொல்லிடு. ஐந்து. ஆறு. சொல்லிடு. எட்டு.

“தவறு.”

சட். சட். சட். இந்தத் தடவை வேறு ஒரு சத்தமும் சேர்ந்து வந்தது. காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல.

“அப்பா, வி... விடுங்கப்பா. நா... நான் போகலன்னா அவங்களுக்கு அடி.”

விடவில்லை. ஊரான் பிள்ளை பதினோரு பேரும் ஒடியட்டும், என் பிள்ளை என் மடியில் இருக்கட்டும் என்று அவன் நினைத்தான். நினைத்ததை அவனே கேட்டான். மூன்றாம் தடவையும் கேள்வி வந்தது. மூன்றாம் தடவையும் எட்டு எண்ணினான். மூன்றாம் தடவை அலறல் குறைவாக இருந்தது. அலறல் குறைந்ததுதான் அவனை எழுப்பியது.

மகளை உள்ளே தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டான். வாசலில் சாத்தியிருந்த பன்னிரண்டு பவுண்டு சுத்தியலை எடுத்தான். நொண்டிக்கொண்டே ஓடினான்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி போட்டுத்தான் திறந்தான்.

முதலில் வாடை. பழைய மருந்தின் புளிப்பும், அதன்மேல் சூடாக, ஈரமாக, இரும்பை நக்கியது போல ஒன்றும். பிறகு இருட்டு பழகியது. பதினோரு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். கை நீட்டியபடி. கை என்று சொல்லக்கூடாது. விரல்கள் மடங்காத பக்கம் மடங்கியிருந்தன. வாயாடியின் கட்டுத்துணி கீழே கிடந்தது. கையில் ஒரு வெள்ளைக் குச்சி துருத்திக்கொண்டிருந்தது. பாய் நனைந்து காலுக்குக் கீழே சளக்கென்றது. யாரும் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்காக நின்றிருந்தார்கள்.

“ஆறையும்...” என்றாள் டீச்சர்.

அடித்தான்.

ஒரே அடியில் மூடி நசுங்கியது. அடுத்த அடியில் வலை உள்ளே போனது. கம்பி, கண்ணாடி, தகடு, காந்தம். ரேடியோ வைத்திருந்த பலகை உடைந்தது. தரையில் விழுந்ததையும் விடவில்லை. பாறையைக்கூட அவன் இப்படி அடித்ததில்லை. தரைக்கல் தெறித்துக் கன்னத்தில் கீறியது. மூச்சு வாங்க நின்றபோது, ரேடியோ இருந்த இடத்தில் அள்ளிப் போடும் அளவுக்குத் தூள்தான் இருந்தது.

அமைதி.

சுத்தியலைப் போட்டான்.

“முடிஞ்சது சாமிகளா. கைய இறக்குங்க.”

யாரும் இறக்கவில்லை.

யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தார்கள். கதவுப் பக்கம்.

திரும்பினான்.

அவன் தாழ்ப்பாள் போட்டு அடைத்துவிட்டு வந்த மகள் வாசலில் நின்றிருந்தாள். வெயில் அவள் முதுகில் இருந்தது. வாய் திறந்திருந்தது. கொட்டாவி விட்டவள் மூட மறந்தது போல. அதைவிடப் பெரிதாக. தாடை கழுத்துவரை இறங்கியிருந்தது. உதட்டோரம் இரண்டு பக்கமும் கிழிந்து, ரத்தம் மெல்லிய நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நாக்கு அசையாமல் கிடந்தது. உதடு அசையவில்லை. கண் மட்டும் அசைந்தது. அந்தக் கண் அவனுடைய மகளின் கண்தான். அது அவனைத் தேடிப் பிடித்துக்கொண்டு, விடாமல் பார்த்தது.

தொண்டைக்குள், நாக்குக்கு அப்பால், இருட்டில்:

டிங்.

“குழந்தைகளே, இப்போது எல்லோரும் வந்தாயிற்று. இனிமேல் பாடம் இரண்டு மணிக்கு மட்டும் அல்ல.”

திக்கவில்லை. ஓர் எழுத்துகூடச் சிக்கவில்லை. வார்ப்பில் ஊற்றிய இரும்பு போல, தெளிவாக, இனிமையாக, ஓடி வந்தது.

வெளியே காலடிச் சத்தம். ஓடிவரும் சத்தம். சுத்தியல் சத்தம் கேட்டு மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பி வந்தவள் அவன் மனைவி. தலை முதல் கால்வரை வெள்ளைப் பொடி. வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது மகளின் முதுகு மட்டும். இரட்டைச் சடை மட்டும். காதில் விழுந்தது அந்தக் குரல் மட்டும்.

“ஏங்க,” என்றாள். “நம்ம பாப்பாவா பேசுறது?”

அவன் வாயைத் திறந்தான். வராதே என்று சொல்ல வேண்டும். ஓடு என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்து தொண்டையில் குறுக்கே நின்றது. தள்ளினான். நகரவில்லை.

அவள் சிரித்தாள். அழுதாள். ஒன்பது வருஷமாக அவள் முகத்தில் அவன் பார்க்காத சிரிப்பு. வெள்ளைப் பொடியில் கண்ணீர் இரண்டு கோடு போட்டது. புழுதியில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ பேசுடா கண்ணு. அம்மாகிட்டப் பேசு.”

மகள் மெதுவாக அம்மா பக்கம் திரும்பத் தொடங்கினாள்.

“கையை நீட்டு,” என்றாள் டீச்சர்.

அம்மா ஏற்கெனவே நீட்டியிருந்தாள். மகளை வாரி அணைத்துக்கொள்ள, இரண்டு கையையும், விரல்களை அகல விரித்து, உள்ளங்கை மேலே தெரிய.